கீழே விட்ட நூற்று நாற்பது மீன்கள்

மார்வா லிண்ட்குவிஸ்ட்டின் கை நடுங்காது. ஸ்டெம்பிள் பாறை அணையில் வேலை செய்த எல்லாருக்கும் அது தெரியும். விரல் நீளமுள்ள சால்மன் குஞ்சை மயக்க மருந்துத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஈரப் பஞ்சின்மேல் மல்லாக்கப் போட்டு, வயிற்றில் நகக்கண் அளவு கீறி, அரிசி மணி போன்ற ஒரு கருவியை உள்ளே தள்ளி, இரண்டு தையல் போட்டு வாளியில் விட அவளுக்கு ஒன்றரை நிமிஷம் போதும். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு வசந்தத்திலும் கொலம்பியா ஆற்றங்கரைக் கொட்டகையில் அவள் செய்த வேலை அதுதான். கருவி, மூன்று வினாடிக்கு ஒருமுறை தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே போகும். ஆற்றின் அடியில் வரிசையாகப் போட்டிருக்கும் ஒலிவாங்கிகள் அதைக் கேட்டு, இன்ன மீன் இன்ன நேரத்தில் உயிரோடு இந்த இடத்தைத் தாண்டியது என்று குறித்துக்கொள்ளும்.

இத்தனை பாடும் ஓர் ஒப்பந்தத்துக்காக. மின்வாரியம், அரசாங்க மீன்வளத் துறைகள், யாக்கமா பழங்குடியினர் என்று எல்லாருமாகச் சேர்ந்து ஐம்பது வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கடலுக்குப் போகிற குஞ்சுகள் நூறு அந்த அணையைத் தாண்டினால், குறைந்தது தொண்ணூற்று மூன்று பிழைக்க வேண்டும். பிழைப்பது நிரூபணமாகும்வரை மின்வாரியம் வசந்த காலத்தில் மதகுகளைத் திறந்து கூடுதல் தண்ணீரை வெளியே விட வேண்டும். டர்பைனுக்குள் போகாமல் மதகு வழியாக வழுக்கிப் போகும் குஞ்சுகளுக்கு ஆயுசு கெட்டி. நிரூபணமாகிவிட்டால் கூடுதல் மதகுத் தண்ணீர் நிற்கும். பத்து வருஷத்துக்கு மறுபடி அளக்கத் தேவையில்லை.

அளக்கிற முறை எளிது. அளக்கும் வாரங்களில் கூடுதல் மதகுகளை மூடிவிடுவார்கள். குஞ்சுகளில் ஒரு பங்கை அணைக்கு மேலே விடுவார்கள், ஒரு பங்கை அணைக்குக் கீழே. கீழே இருக்கும் பறவைகளும் பெரிய மீன்களும் இரண்டு பங்குக்கும் பொது. மேலே விட்டதற்கு மட்டும் அணை கூடுதல். இரண்டிலும் பிழைத்ததை ஒப்பிட்டால் அணை எத்தனையைத் தின்றது என்று தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம் வேண்டும். கீழே விடுகிற மீன் நாம் கையாண்ட கோளாறால் செத்துப்போனால், கணக்கில் அணை நல்ல பிள்ளையாகிவிடும்.

இதையெல்லாம் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே மார்வாதான்.

அந்த வருஷம் மே மாதம் கடைசித் தொட்டி. கீழே விட வேண்டிய பத்துத் தொட்டிகளில் ஒன்பது முடிந்துவிட்டது. நூற்று நாற்பது குஞ்சுகளை லாரியில் ஏற்றி, ஆற்றோரச் சாலையில் நாற்பது நிமிஷம் ஓட்டி, படகுத்துறையில் விட்டால் பருவம் முடிந்தது. லாரியில் எப்போதும் இரண்டு பேர் போவார்கள். அன்று காலை மேல்பகுதிப் படகின் எஞ்சின் மக்கர் செய்ததால் துணைக்கு வரவேண்டியவன் அங்கே ஓடிவிட்டான். மார்வா தனியாகவே மீனை ஏற்றினாள். ஆக்ஸிஜன் உருளையின் பெரிய திருகைத் திறந்தாள். தொட்டிக்குப் போகும் சின்னத் திருகில் கை வைத்தபோது அவள் அக்கா போனில் கூப்பிட்டாள். அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதைப் பற்றி வாக்குவாதம். பேசிக்கொண்டே கதவைச் சாத்தினாள், பேசிக்கொண்டே வண்டியை எடுத்தாள். இரண்டு பக்கமும் பேரிக்காய்த் தோட்டங்கள் பூவுதிர்ந்து நின்றன.

படகுத்துறையில் தொட்டி மூடியைத் திறந்தபோது மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சின்னத் திருகு மூடியபடியே இருந்தது.

மார்வா திருகைத் திறந்து, ஆற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள். ஆக்ஸிஜன் அளவியைத் தண்ணீரில் விட்டாள். நாலு புள்ளி மூன்று. அந்த எண் ஆறுக்குக் கீழே போனால் தொட்டி முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும், காரணத்தை எழுத வேண்டும் என்பது விதி. அந்த விதி அட்டையில் இருந்த வாசகமே அவள் எழுதியதுதான்.

கால் மணி நேரத்தில் மீன்கள் தேறியதுபோல் தெரிந்தன. பதினொன்று தேறவில்லை. அடியில் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றிலும் அவள் போட்ட இரண்டு தையல்.

துறையில் யாரும் இல்லை. இந்தத் தொட்டியை ஒதுக்கினால் எண்ணிக்கை போதாது. மொத்தப் பருவமும் வீண், அடுத்த வருஷம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முப்பது பேர் எட்டு வாரம் குளிரில் நின்று செய்த வேலை. அது எல்லாம் பிறகு அவள் தனக்குச் சொல்லிக்கொண்டது. அந்த நிமிஷத்தில் அவள் நினைத்தது ஒன்றே ஒன்று: மார்வா லிண்ட்குவிஸ்ட் திருகைத் திறக்க மறந்தாள் என்று கொட்டகையில் பேசுவார்கள்.

பதினொன்றையும் வலையால் அள்ளித் தன் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டாள். மிச்சத்தை ஆற்றில் விட்டாள். படிவத்தில் ஆக்ஸிஜன் என்ற இடத்தில் ஒன்பது புள்ளி ஒன்று என்று எழுதினாள். விட்ட மீன் நூற்று நாற்பது, இறந்தது பூஜ்யம். கையெழுத்து அழகாகத்தான் வந்தது. திரும்பும் வழியில் ஒரு தோட்டத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தி, மண்ணைத் தோண்டி மீன்களைப் புதைத்தாள். பெட்டியை எத்தனை கழுவியும் நாற்றம் போகவில்லை; தூக்கி எறிந்தாள்.

குளிர்காலத்தில் முடிவு வந்தது. தொண்ணூற்று மூன்று புள்ளி இரண்டு. அணை தேறிவிட்டது.

கீழே விட்ட பத்தாவது தொட்டியில் மட்டும் இழப்பு அதிகம் என்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். படிவத்தைப் பார்த்தார்கள். படிவத்தில் ஒரு குறையும் இல்லை. அன்று கடற்காகங்கள் கூட்டமாக இறங்கியிருக்கலாம் என்று அடிக்குறிப்பு எழுதினார்கள்.

ஒப்பந்தக் குழுவில் யாக்கமா மக்கள் சார்பில் உட்கார்ந்திருந்தவன் டெல்வின் பார்னபி. முப்பத்தெட்டு வயது, மீன் படிப்புப் படித்தவன், ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்தே ஆற்றோர மர மேடையில் நின்று வலை போட்டவன். ஆரம்பத்தில் மூன்று பருவம் மார்வாவின் கொட்டகையில் தையல் கற்றிருந்தான். தங்கள் ஜனத்தில் மூத்த பெண்களைக் கூப்பிடுவதுபோல அவளை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவான். ஆய்வு முடிவை ஏற்பதா என்று குழுவில் ஓட்டுப் போடும் முன்பு கொட்டகைக்கு வந்தான்.

"ஆன்ட்டி, அந்தப் பத்தாவது தொட்டி உறுத்துது எனக்கு. நீங்கதானே கொண்டு போனீங்க?"

மார்வா வாளி கழுவிக்கொண்டிருந்தாள். "ஆமா."

"மீனு நல்லாத்தானே இருந்துச்சு?"

"படிவத்துல இருக்கே."

அவன் சிரித்துவிட்டான். "படிவத்த நான் பாத்துட்டேன். உங்க வாயால கேட்டா தூக்கம் வரும்னு வந்தேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் மார்வா, வாளிக்குள் குனிந்தபடி.

டெல்வின் சரி என்று ஓட்டுப் போட்டான். அடுத்த வசந்தத்தில் கூடுதல் மதகுகள் திறக்கவில்லை. அணையின் முகத்தில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்று, கான்கிரீட் காய்ந்து கிடந்தது. மார்வா வேலைக்கு வருவதற்கு அணைப் பக்கத்துச் சாலையை விட்டுவிட்டு, பதினைந்து மைல் சுற்றி மலைப் பக்கமாக வர ஆரம்பித்தாள். கேட்டவர்களிடம் அந்தப் பக்கம் லாரி நெரிசல் என்றாள்.

முதல் வருஷம் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஒரு தொட்டியால் என்ன ஆகிவிடப் போகிறது? இரண்டாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஆய்வறிக்கையைத் திறந்து தானே கணக்குப் போட்டாள். மற்ற ஒன்பது தொட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்திருந்தன. அவளுடைய தொட்டியில் எழுபது. புதைத்த பதினொன்று போக, மூச்சுத் திணறித் தேறியதாக அவள் நினைத்த மீன்களிலும் எத்தனையோ ஆற்றில் போய்ச் செத்திருந்தன. அந்தத் தொட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தால் அணையின் எண் தொண்ணூற்று ஒன்று புள்ளி ஒன்று. தேறவில்லை.

மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் அதே எண். காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த அணையைத் தாண்டுகிற குஞ்சுகள் எத்தனை லட்சம், அதில் நூற்றுக்கு இரண்டு என்றால் எத்தனை என்று மனம் தானாகவே பெருக்கத் தொடங்கியது. கடையில் சாமான் வாங்கும்போதும் பெருக்கியது, அம்மாவைப் பார்க்கப் போகும்போதும் பெருக்கியது.

அவளை எல்லாரும் முன்னைவிட மெச்சினார்கள் என்பதுதான் கொடுமை. மூன்றாவது வருஷம் மின்வாரியம் ஒரு மரப் பலகையில் அவள் பெயரைப் பொறித்துக் கொடுத்தது. பலகையைக் கார் டிக்கியில் போட்டாள். வீட்டுக்குள் எடுத்துவரவே இல்லை.

அந்த ஏப்ரலில் டெல்வின் போன் செய்தான்.

"ஆன்ட்டி, ஒரு உதவி. எங்க மீன்காரங்க என்னப் போட்டு வறுக்குறாங்க. 'நீதான கையெழுத்துப் போட்டு மதக மூட வச்ச, தொண்ணூத்தி மூணுன்னு எவன் சொன்னான்'னு கேக்குறாங்க. நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க வந்து, மீன எப்படிப் பாத்துக்குறோம்னு நேர்ல சொன்னா கேப்பாங்க."

"நான் என்னத்தப் பேசுறது, டெல்வின்? எனக்குப் பேச்சு வராது."

"பேச்சு வேணாம். உங்க கையப் பாத்தாலே போதும். சனிக்கிழம. சாப்பாடு இருக்கு."

மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. போனாள்.

யாக்கமா மக்கள் கூடுகிற நீளக் கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். தரையில் பாய் விரித்து வரிசையாக கடமான் இறைச்சி, கிழங்கு, காட்டுப் பழம், சால்மன். முதலில் எல்லாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றினார்கள். எல்லாரோடும் சேர்ந்து குடித்த பிறகுதான் சாப்பாடு. மார்வாவின் தம்ளரில் டெல்வினின் அம்மாவே ஊற்றினாள். மார்வா குடித்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு டெல்வின் அவளை முன்னால் கூட்டிவந்தான். "இவங்கதான் மார்வா. எனக்குத் தையல் சொல்லிக் குடுத்தவங்க. இவங்க எண்ணுனா, அதுக்கு மேல நான் எண்ண மாட்டேன்."

மார்வா மயக்க மருந்தைப் பற்றிச் சொன்னாள், தையலைப் பற்றிச் சொன்னாள், கையுறையை நனைக்காமல் மீனைத் தொடக்கூடாது என்று சொன்னாள். அதில் எதுவும் பொய்யில்லை. ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். ஹர்ஷல் என்று பெயர். ஐம்பது வயதுக்காரர், கட்டைக் குரல், விரல்களெல்லாம் வலைக்கயிறு அறுத்த தழும்பு. "அம்மா, நான் படிச்சவன் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எங்க அப்பாரு நின்ன பாறைலதான் நானும் நிக்கிறேன். மூணு வருஷமா வல லேசா வருது. கடல்ல கோளாறுங்குறாங்க, வெயிலுங்குறாங்க, கடல்சிங்கம் தின்னுதுங்குறாங்க. இருக்கலாம். ஆனா அந்த அணைல ஒண்ணும் இல்லன்னு நீ சொல்றியே, நீ போட்ட கணக்குல தப்பே இல்லையா?"

டெல்வின் அவளைப் பார்த்துப் புன்னகைத்தான். கொஞ்சமும் சந்தேகமில்லாத புன்னகை.

"எங்களால முடிஞ்ச அளவுக்குச் சரியாத்தான் செஞ்சோம்," என்றாள் மார்வா.

ஹர்ஷல் ஒரு நொடி அவளையே பார்த்தார். "சரிம்மா. நீ சொன்னா சரி," என்று உட்கார்ந்துவிட்டார். அவர் விவாதம் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

புறப்படும்போது டெல்வினின் அம்மா ஒரு கட்டு உலர்த்திய சால்மனை அவள் கையில் திணித்தாள். சின்ன மிட்டாய்ப் பொட்டலம்போல அத்தனை லேசாக இருந்தது. "இந்த வருஷம் கொஞ்சந்தான்," என்றாள் அவள், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மார்வா டெல்வினின் அலுவலக வாசலில் காரோடு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை, அவன் அங்கே இருக்கும் மீன்குஞ்சுப் பண்ணையைப் பார்க்க வருவான் என்று தெரியும். அவன் காபிக் கோப்பையோடு வந்து, "என்ன ஆன்ட்டி, எதாவது மறந்துட்டுப் போயிட்டீங்களா?" என்றான்.

அவள் காரிலிருந்து இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். போன், சின்னத் திருகு, நாலு புள்ளி மூன்று, பதினொன்று, தோட்டத்து மண். வரிசை மாறாமல் சொன்னாள், ஒரு படிவத்தை வாசிப்பதுபோல.

டெல்வின் காபியைத் தரையில் வைத்தான். நிமிர்ந்து, மறுபடி குனிந்து கோப்பையை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாதவனைப்போல் சுற்றிப் பார்த்தான்.

"நான் கேட்டேனே," என்றான். "வாளி கழுவிக்கிட்டு இருந்தீங்க. வாயத் தொறந்து கேட்டேனே."

"கேட்ட."

"அதுகூடப் போகட்டும். நேத்து? நேத்து என் ஜனத்துக்கு முன்னாடி நிக்க வச்சேனே! ஹர்ஷல் எந்திரிச்சுக் கேட்டாரே!"

"பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்? யார் உன்ன அடிச்சிருவா?" அவன் குரல் உயர்ந்தது. பண்ணையில் வேலை செய்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தணித்தான். "எங்கம்மா உனக்கு மீன் குடுத்துச்சு, மார்வா."

அப்போதிலிருந்து அவள் அவனுக்கு மார்வாதான்.

"நீயே குழுல சொல்லிடு, டெல்வின். நான் எழுதித் தரேன். நீ படிச்சுடு."

"மாட்டேன்." அவன் காரின் கூரைமேல் கையை வைத்துக் குனிந்தான். "உன் பாரத்த நான் தூக்கிட்டுப் போகணுமா? நான் ஏற்கெனவே மூணு வருஷமாத் தூக்குறேன், அது உன்னுதுன்னு தெரியாமயே. வியாழக்கிழம கூட்டம். நீயே வந்து நில்லு. அப்புறம் எங்க கூடத்துக்கும் வந்து நில்லு. உனக்காக நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்; அவங்ககிட்ட பொய் சொன்னது நான் இல்ல."

வியாழக்கிழமை கூட்டத்தில் ஒன்பது பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மின்வாரியத்தின் மீனியலாளர் கார்ல்டன் ப்ரூவர் அவளைப் பதினெட்டு வருஷமாக அறிந்தவர். நல்ல மனிதர். அவள் சொல்லி முடித்ததும் முதலில் பேசியவர் அவர்தான்.

"மார்வா, ஒரு நிமிஷம். அந்த அளவி பழசு. அந்தப் பருவத்துல ரெண்டு தடவ கோளாறு பண்ணியிருக்கு, என்கிட்ட குறிப்பு இருக்கு. நாலு புள்ளி மூணுங்கிறதே தப்பா இருக்கலாமில்ல? நீ பாத்தப்ப அது தாறுமாறாக் காட்டிருக்கும், நீ சரியான எண்ண எழுதியிருப்ப. அப்படித்தானே?"

அவர் கண்ணில் வஞ்சகம் இல்லை. தெரிந்தவள் ஒருத்தி கிணற்றில் விழுந்துவிட்டாள், கயிற்றைப் போடுகிறார், அவ்வளவுதான். மேசையைச் சுற்றியிருந்த இரண்டு மூன்று பேர் நிம்மதியாக அசைந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்தால் போதும். வேலை இருக்கும், பெயர் இருக்கும். டெல்வின் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல, கார்ல்டன்," என்றாள் மார்வா. "அளவி சரியாத்தான் காட்டுச்சு. மீன் செத்துக் கெடந்துச்சு. நானே புதைச்சேன். இடத்தக் காட்டுறேன், வேணும்னா."

காட்டினாள். அன்று பிற்பகல் மூன்று பேர் அவளோடு தோட்டத்துக்கு வந்து மண்ணைச் சலித்தார்கள். முள்கூட மக்கிப்போயிருந்தது. ஆனால் அரிசி மணிபோன்ற கருவிகள் ஒன்பது கிடைத்தன, எண்களும் பொருந்தின. கார்ல்டன் அவற்றை ஒரு சின்ன உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதினார். உறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை வேலை போயிற்று. அவளை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் ஒரு வரியில் கடிதம் அனுப்பினார். இனி அந்த ஆற்றில் எந்த ஆய்விலும் அவள் கை படக்கூடாது என்று குழு தனியாக எழுதியது. அவளிடம் தையல் கற்றவர்களில் ஒருத்தி போன் செய்து, "எங்க எல்லாரோட வேலையையும் இப்ப சந்தேகப்படுறாங்க, சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். நியாயமான கேள்விதான் என்று மார்வாவுக்குத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை நீளக் கூடத்துக்குப் போனாள். இந்தத் தடவை யாரும் அவளை முன்னால் கூட்டிவரவில்லை. தானே நடந்து போய் நின்றாள். சொன்னாள். யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை.

ஹர்ஷல் எழுந்தார். "போன வாரம் நான் உன்னக் கேட்டப்ப, உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்ன."

"ஆமா."

"அன்னைக்கு வீட்டுக்குப் போயி என் மகன்கிட்ட சொன்னேன். 'அந்தம்மா நேர்மையானவ, நாமதான் சந்தேகப் புத்திக்காரனுங்க'ன்னு." அவர் தலையை ஆட்டினார். "மீனு செத்ததுக்கு உன்னத் திட்ட மாட்டேன். எல்லார் கையிலயும் மீனு சாவும். ஆனா என்ன நானே சந்தேகப்பட வச்ச பாரு, அதுக்கு என்ன பேர் சொல்றதுன்னு தெரியல."

"மன்னிச்சுருங்கன்னு கேக்க வரல," என்றாள். "தெரியணும்னு வந்தேன்."

"தெரிஞ்சுச்சு," என்று ஹர்ஷல் உட்கார்ந்தார். டெல்வினின் அம்மா வாசல்வரை வந்தாள். எதுவும் கொடுக்கவில்லை. வண்டி வளைவில் திரும்பும்வரை நின்றாள், அவ்வளவுதான்.

பழைய முடிவைக் குழு ரத்து செய்தது. அந்த மே மாதமே கூடுதல் மதகுகள் மறுபடி திறந்தன. அணையை அடுத்த வசந்தத்தில் புதிதாக அளப்பது என்று தீர்மானமாயிற்று. அளக்கும் வாரங்களில் மட்டும், முதல் ஆய்வில் செய்ததுபோலவே கூடுதல் மதகுகளை மூடி வைப்பது என்றும்.

மார்வா பேரிக்காய் தரம்பிரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். நகரும் பட்டையின் ஓரத்தில் நின்று அடிபட்ட காயை ஒதுக்கும் வேலை. அங்கே அவளை யாருக்கும் தெரியாது, தெரிந்தவர்கள் கேட்கவில்லை. கை இப்போதும் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அந்தக் குளிர்காலம் மலையில் பனி கொட்டித் தீர்த்தது. பெரியவர்களுக்கே நினைவில்லாத பனி. வசந்தத்தில் அத்தனையும் உருகி, கொலம்பியா பழுப்பாகப் பொங்கி ஓடியது. அவள் இடத்தில் வேறொருத்தி தையல் போட்டாள். ஒவ்வொரு லாரியிலும் இரண்டு பேர் போனார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

டிசம்பரில் ஒரு மதிய இடைவேளையில் டெல்வின் கூப்பிட்டான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவன் குரல்.

"முடிவு வந்துருச்சு. நாளைக்கு வெளிய வரும். நீ பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்க வேணாம்னு கூப்பிட்டேன். தொண்ணூத்தி நாலு."

மார்வா காய்ப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "தேறிருச்சா?"

"தேறிருச்சு."

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்ல எழுந்து வரப்பார்த்தது. அப்படியானால் நான் யாரையும் கெடுக்கவில்லையோ? பொய்யாகச் சொன்னதும் உண்மைதானோ?

டெல்வின் அதைக் கேட்டுவிட்டவன்போல் சொன்னான். "கொஞ்சம் பொறு. இது இந்த வருஷத்து ஆறு. வெள்ளம் தள்ளிக்கிட்டுப் போச்சு, குஞ்சு எல்லாம் ரெண்டே நாள்ல இறங்கிருச்சு. பறவைக்குக் கண்ணு தெரியாத கலங்கல். இந்த மாதிரி வருஷத்துல எந்த அணையும் தேறும். உன் வருஷம் தண்ணி கம்மி."

"அப்போ என் வருஷத்துல என்ன நடந்துச்சு?"

"தெரியாது. மிச்ச ஒம்போது தொட்டிய வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது."

"மதகு மூடியிருந்த மூணு வருஷம்?"

"தெரியாது, மார்வா. இனிமே யாருக்கும் தெரியவும் போறதில்ல. அத அளக்க ஒரு தடவதான் வாய்ப்பு இருந்துச்சு."

தண்ணீர் குறைந்த வருஷம் ஒன்றிலும் அளந்து பார்க்கும்வரை மதகைத் திறந்தே வைப்பது என்று குழு முடிவு செய்திருந்தது. மின்வாரியம் முதலில் முரண்டு பிடித்ததாம். கார்ல்டன்தான் அவர்களைச் சம்மதிக்க வைத்தாராம். பழைய அறிக்கையை வைத்துக்கொண்டு எதையும் வாதாட எனக்கு வாய் வரவில்லை என்று சொன்னாராம்.

"அடுத்த தடவ அளக்கும்போது," என்றாள் மார்வா, "வாளி தூக்கவாவது நான் வரட்டுமா? மீனத் தொட மாட்டேன். கரைல நின்னு—"

"வேணாம்," என்றான் டெல்வின். கோபமாகச் சொல்லவில்லை. "நீ நின்னா, அந்த வருஷத்து எண்ணையும் யாராவது ஒருத்தன் சந்தேகப்படுவான். ஒண்ணாவது சுத்தமா இருக்கட்டும்."

"சரி."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இல்லத்துலதான். என்ன அடையாளம் தெரியல."

"பாத்துக்க," என்று சொல்லிவிட்டு அவன் வைத்தான்.

மணி அடித்தது. பட்டை ஓடத் தொடங்கியது. மார்வா கையுறையை மாட்டிக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள். காய்கள் வந்துகொண்டிருந்தன. பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே அடிபட்டிருப்பது அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்தில் நின்ற பெண், "என்னாச்சு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? கெட்ட சேதியா?" என்று கேட்டாள்.

மார்வா அடுத்த காயை எடுத்தாள்.

"நல்ல சேதின்னுதான் சொல்றாங்க," என்றாள்.